நியூசிலாந்து டீச்சர் தன் நாட்டு விடுமுறைகளைச் சொல்லிவிட்டார். நம் பிள்ளைகள் எதைச் சொல்வது?

கடைமடை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். சீர்காழிக்குக் கிழக்கே, ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் கடலுமாக இருக்கிற ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். இந்தப் பருவத்துக்கு நியூசிலாந்திலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்புக்குப் பேச்சுப் பயிற்சி அவர் பொறுப்பு. முதல் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அதையொட்டி உங்கள் யோசனை எனக்கு வேண்டும்.

வந்ததும் தன் ஊர்க் காலண்டர் ஒன்றைச் சுவரில் மாட்டினார். பக்கத்திலேயே எங்கள் தினசரி காலண்டர், மளிகைக்கடைக்காரர் கொடுத்தது, தொங்குகிறது. "உங்கள் தாளில் இவ்வளவு எழுதியிருக்கிறதே, என்ன அது?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். ராகுகாலம், நல்ல நேரம், சூலம் எல்லாவற்றையும் ஒரு பையன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லப் பார்த்தான். பாதி கையால் சொன்னான். வாய் திறக்காத பையன் அவன். எனக்கே ஆச்சரியம்.

அப்புறம் தன்னைப் பற்றிச் சொன்னார். தெற்குத் தீவில் கேன்டர்பரி சமவெளி அவர் ஊர். பனிமலையிலிருந்து இறங்கும் ஆறுகள் கூழாங்கல் படுகையில் பல இழைகளாகப் பிரிந்து பிரிந்து சேருமாம். உடனே ஒருத்தன் எழுந்து வந்து கரும்பலகையில் கல்லணையை வரைந்து, கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று நான்கு கோடு இழுத்துக் காட்டினான். அதன்பிறகு வகுப்பு அவர் கையில் இல்லை, பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது.

விடுமுறைகளை அவர் பட்டியல் போடவில்லை. ஒவ்வொரு மாதமாகப் புரட்டினார். அங்கே ஜனவரி நடுக்கோடை, பள்ளி திறப்பது ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ. பிப்ரவரி 6 வைத்தாங்கி தினம், 1840இல் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் ஒப்பந்தம் போட்ட நாள். ஏப்ரல் 25 ஆன்சாக் தினம், போரில் இறந்தவர்களின் நினைவு நாள். ஜூன் அல்லது ஜூலையில் மாத்தாரிகி, மாவோரிப் புத்தாண்டு. அக்டோபர் நான்காம் திங்கட்கிழமை தொழிலாளர் தினம். நவம்பரில் அவர் வட்டாரத்துக்கு மட்டும் ஒரு நாள் லீவு, அன்று பெரிய வேளாண் கண்காட்சி. டிசம்பர் 25 வெயிலில் கிறிஸ்துமஸ், கடற்கரையில் சாப்பாடு. மறுநாள் 26ஆம் தேதி பாக்ஸிங் டே, அதுவும் அரசு விடுமுறை.

இந்த இடத்தில்தான் மீனவர் குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், தட் டே அவர் போட்ஸ் டோன்ட் கோ" என்றாள். அவருக்குப் புரியவில்லை. "2004, சுனாமி" என்று பின்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு முன்பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கேன்டர்பரியில் உள்ள தன் ஊரான கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி 22 அன்று நிலநடுக்கம் வந்து 185 பேர் இறந்ததையும், வருஷா வருஷம் அந்த நாளில் ஊர்மக்கள் ஆற்றில் பூ விடுவதையும் சொன்னார். பிறகு, "அடுத்த வகுப்பில் நான் கேட்கப் போகிறேன், உங்கள் நாட்களை நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

ஆசிரியர் அறையில்தான் சிக்கல் வந்தது. விருந்தாளியிடம் அழுகைக் கதை எதற்கு, பொங்கல், தீபாவளி, பரதநாட்டியம் என்று அழகாகச் சொல்லி முடித்துவிடலாமே என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. பிள்ளைகள் வாழ்கிற நாட்களைச் சொன்னால்தான் வார்த்தை வரும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

திருவாரூர்_ராஜி:

டீச்சர், படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் உங்கள் சக ஆசிரியர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் இனிப்புதானே கொடுப்போம். டெல்டாவில் சொல்வதற்கு நல்ல நாளா இல்லை? எங்கள் ஊர் ஆழித்தேரைச் சொல்லச் சொல்லுங்கள். 96 அடி உயரம், அது வீதியில் திரும்புகிற அழகை ஒரு பிள்ளை விவரித்தாலே ஒரு பாடவேளை போதாது. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அவர் ஊர் வட்டார லீவுக்கு அதுதான் சரியான ஜோடி.

இன்னொன்று, தாயாகக் கேட்கிறேன். அடுத்த வருஷம் பத்தாவது. இந்த வகுப்பால் பரீட்சைக்கு என்ன கிடைக்கும்? அவர் உச்சரிப்பும் வேறு மாதிரி இருக்குமே, பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா?

கடைமடை டீச்சர்:

ராஜி அக்கா, உச்சரிப்பு முதல் பத்து நிமிடம் தடுமாற்றமாகத்தான் இருந்தது. அவர் டென் என்றால் நமக்கு டின் என்று கேட்கிறது. எண் வந்தால் பலகையில் எழுதிவிடுகிறார். அதற்கப்புறம் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது.

பரீட்சைக்கு என்ன என்றால், விடுமுறையைப் பற்றிப் பேசும்போது இலக்கணம் தானாக வந்து உட்காருகிறது. ஆண்டுதோறும் செய்வதைச் சொல்ல நிகழ்காலம் வேண்டும், அன்று நடந்ததைச் சொல்ல இறந்தகாலம் வேண்டும். ஒரே பேச்சில் இரண்டும் மாறி மாறி வருகிறது. தேதிக்கு ஆன், மாதத்துக்கு இன், விடியற்காலைக்கு அட். இதை நான் பயிற்சித்தாளில் எழுதிக் கொடுத்தால் கோடிட்ட இடத்தை நிரப்புவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள்.

தமிழய்யா_குத்தாலம்:

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். இந்த மண்ணுக்கு வெளிநாட்டு வாத்தியார் புதிதில்லை அம்மா. உங்கள் பள்ளியிலிருந்து எட்டும் தூரத்தில் தரங்கம்பாடி. 1706இல் சீகன்பால்கு அங்கே வந்து இறங்கியபோது தமிழ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்றுக்கொண்டவர். மதம் பரப்ப வந்தவர்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் நம் சாமிகளையும் பண்டிகைகளையும் பற்றி ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். ஷ்வார்ட்ஸ் பாதிரியார் தஞ்சையில் இளவரசர் சரபோஜிக்கு ஆசானாக இருந்தார். கும்பகோணம் கல்லூரி 1854இல் தொடங்கியது. அங்கே ஆங்கிலேய முதல்வர்களிடம் படித்த தலைமுறை ஒன்று உண்டு.

இவர்களில் யாரை ஊர் நினைவு வைத்திருக்கிறது என்று பாருங்கள். நம்மிடம் கேட்டவர்களைத்தான். உங்கள் ஆசிரியை அடுத்த வகுப்பில் கேட்கப் போகிறேன் என்று சொன்னாரே, அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். விளம்பரப் பலகையில் இருப்பதைச் சொல்ல வேண்டாம்.

மயிலாடுதுறைப் பிள்ளைகள் இருந்தால் கடைமுகத்தை விட்டுவிடாதீர்கள். ஐப்பசி முழுக்கத் துலா முழுக்கு, கடைசி நாள் கடைமுகத் தீர்த்தவாரி. அதற்கு வர முடியாமல் போன ஒரு முடவனுக்காகக் கார்த்திகை முதல் நாளும் முழுக்கு உண்டு என்று ஐதீகம். தாமதமாக வந்தவனுக்கென்று ஒரு நாள் ஒதுக்கிய ஊர் இது. அந்தக் கதையை ஒரு பிள்ளை உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாலும் எந்த நாட்டுக்காரருக்கும் விளங்கும்.

கடலோரத்தான்:

நாகப்பட்டினம் பக்கம், மீன்பிடிக் குடும்பம். அந்தப் பெண் பேசியதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

டிசம்பர் 26 எங்களுக்கு அழுகைக் கதை இல்லை, நாங்கள் கடைப்பிடிக்கிற நாள். காலையில் கடற்கரைக்கு ஊர்வலமாகப் போவோம். பாலை ஊற்றி, பூவைத் தூவி, மெழுகுவத்தி ஏற்றுவோம். வேளாங்கண்ணியில், அக்கரைப்பேட்டையில், கீச்சாங்குப்பத்தில், தரங்கம்பாடியில் எல்லாம் நடக்கும். அன்று தொழிலுக்குப் போவதில்லை. பழைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். இப்போது ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. அவர்களுக்கு அது பாட்டி, பெரியம்மா சொல்லித் தெரிந்த நாள், வருஷா வருஷம் கூடப் போய்த் தெரிந்த நாள். பொங்கலை எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். அதைச் சொல்லக்கூடாது என்றால், இந்தக் குப்பத்துப் பிள்ளைக்குச் சொல்ல நாளே இல்லை என்று ஆகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும் டீச்சர். நீ மீனவர் வீட்டுப் பெண், நீ எழுந்து சொல் என்று யாரையும் கைகாட்டாதீர்கள். சிறுவயதில் எங்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்டார்கள். கேமராவோடு வந்து கேட்டார்கள். சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லட்டும். விரும்பாதவள் தேர்த் திருவிழாவைச் சொன்னால் அதையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும்.

கீவளூரான்:

கடலோரத்தான் அண்ணன் 26ஐச் சொல்லிவிட்டார். நான் அதற்கு முந்தின நாளைச் சொல்கிறேன். டிசம்பர் 25 உலகத்துக்குக் கிறிஸ்துமஸ். எங்கள் பக்கத்தில் அது வெண்மணி நினைவு நாளும்கூட. 1968இல் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரே குடிசைக்குள் அடைபட்டு எரிக்கப்பட்டார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இன்றைக்கும் அந்த நாளில் சுற்றுவட்டாரமே கீழ்வெண்மணிக்குப் போகும்.

அந்த டீச்சர் அக்டோபரில் தொழிலாளர் தினம் என்றாராமே. அது எதற்கான நாள் தெரியுமா? சாமுவேல் பார்னெல் என்கிற தச்சர் 1840இல் வெலிங்டன் பக்கம் குடியேறியபோது, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை செய்வேன் என்று நிபந்தனை போட்டார். ஆள் தட்டுப்பாடு, முதலாளி ஒத்துக்கொண்டார். அதிலிருந்து வந்த நாள் அது. அங்கே ஒரு தச்சர் கேட்டார், கிடைத்தது. இங்கே 128 வருஷம் கழித்து அரைப்படி நெல் கூடக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்று நம் பிள்ளைக்கும் தெரிய வேண்டும், வந்தவருக்கும் தெரிய வேண்டும். இந்தியாவில் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் கொடுமை மட்டும் இல்லை, போராட்டமும் இருந்தது.

திருவாரூர்_ராஜி:

தம்பி, நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான், வெண்மணியை மறக்கச் சொல்லவில்லை. பதினாலு வயசுப் பிள்ளை, அரைகுறை இங்கிலீஷில், ஒரு வெளிநாட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் சரியாகப் போய்ச் சேருமா என்றுதான் பயப்படுகிறேன். அந்த வகுப்பிலேயே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அது என்னவாகும்? தமிழில், சமூக அறிவியல் வகுப்பில், விவரம் தெரிந்த ஆசிரியர் சொல்லட்டும்.

கீவளூரான்:

அக்கா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்தாலேயே எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. ஊரில் கொடி ஏறும், பள்ளியில் அரையாண்டு லீவு, அவ்வளவுதான். ஒரு பிள்ளை தானாகச் சொல்ல முன்வந்தால் தடுக்காதீர்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

கிறைஸ்ட்சர்ச்_தமிழச்சி:

நான் பிறந்தது வலங்கைமான். இப்போது அந்த டீச்சர் சொன்ன அதே கேன்டர்பரியில் இருக்கிறேன். என் பிள்ளைகள் இங்குதான் படிக்கிறார்கள். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

விருந்தாளியிடம் துக்க நாளைச் சொல்லலாமா என்ற கேள்வியே இங்கே எழாது. ஏனென்றால் இவர்களுடைய பெரிய நாட்களில் பாதி நினைவு நாட்கள். ஆன்சாக் தினம் 1915 ஏப்ரல் 25இல் துருக்கியின் கலிப்போலியில் கரையிறங்கிச் செத்தவர்களுக்கானது. விடியுமுன் இருட்டில் ஊரே நினைவுத் தூணைச் சுற்றி நிற்கும். சட்டையில் சிவப்புக் காகிதப் பாப்பிப் பூ. கடைகள் மதியம் ஒரு மணி வரை திறக்கக்கூடாது என்பது சட்டம். அதே கலிப்போலியில் இந்தியச் சிப்பாய்களும் போரிட்டார்கள், இதை டீச்சரிடம் சொல்லுங்கள். ஓட்ஸும் தேங்காய்த் துருவலும் போட்டு ஒரு பிஸ்கட் செய்வார்கள், என் மகள் பள்ளியில் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் செய்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்கே இங்கே அந்த நாளைச் சொல்லித்தருகிறார்கள். மூடி மறைப்பதில்லை, பயமுறுத்துவதும் இல்லை.

வைத்தாங்கி தினமும் வெறும் கொண்டாட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் சொன்னபடி நிலத்தைக் காப்பாற்றவில்லை என்று மாவோரி மக்கள் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, பிரதமர் முகத்துக்கு நேரே கேட்பார்கள். அதுவும் அந்த நாளின் ஒரு பகுதி.

மாத்தாரிகியைத்தான் நம் பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். மாத்தாரிகி என்பது வேறு எதுவும் இல்லை, நம் கார்த்திகை நட்சத்திரம்! அதே கூட்டம். சுமார் ஒரு மாதம் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, இங்கே நடுக்குளிர்காலத்தில் விடியுமுன் கிழக்கே மறுபடி தெரியும்போது மாவோரி ஆண்டு பிறக்கிறது. 2022இலிருந்துதான் அரசு விடுமுறை. பிறையைப் பார்த்துக் கணக்கிடுவதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். போன வருஷம் செத்தவர்களின் பெயரை அந்த நட்சத்திரத்தைப் பார்த்துச் சொல்லிக் கூப்பிடுவார்கள். சமைத்த உணவின் ஆவியை நட்சத்திரங்களுக்குப் படைப்பார்கள். ஒன்பது நட்சத்திரத்தில் ஒன்று செத்தவர்களுக்கு, ஒன்று மண்ணில் விளைவதற்கு, ஒன்று ஆற்று நீருக்கு, ஒன்று கடலுக்கு, ஒன்று மழைக்கு, ஒன்று காற்றுக்கு. நாம் ஆறு பெண்கள் என்கிறோம், முருகனை வளர்த்தவர்கள் என்கிறோம். ஜூன் கடைசியில் உங்கள் பிள்ளைகளை விடியற்காலை நாலரை மணிக்குக் கிழக்கே பார்க்கச் சொல்லுங்கள். மேகம் இல்லாவிட்டால் அதே கூட்டத்தை அவர்களும் பார்க்கலாம்.

வாய்க்கால்கரை:

எல்லாரும் காலண்டரில் சிவப்பில் அச்சான நாட்களையே பேசுகிறீர்கள். விவசாயி வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய நாள் சிவப்பில் இருக்காது. ஜூன் 12, மேட்டூர் திறப்பு. அன்றைக்குத் திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் அப்பா முகம் வேறு. சித்திரையில் நல்லேர் பூட்டுகிற நாள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே திறந்து, நம் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக வருகிற நாளுக்குத் தேதியே கிடையாது. பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடுவார்கள். அப்புறம் நவம்பர் மழை லீவு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததே, எங்கள் தென்னை எல்லாம் அன்றைக்கே போய்விட்டது. அதைப் பார்த்த பிள்ளைகள் இப்போது பள்ளியில்தான் இருக்கிறார்கள். லீவு என்றால் அவர்களுக்கு அதுவும்தான்.

கடைமடை டீச்சர்:

இரண்டாம் வகுப்பு முடிந்துவிட்டது. நீங்கள் சொன்னவற்றில் நிறைய எடுத்துக்கொண்டேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

கடலோரத்தான் சொன்னபடி யாரையும் கைகாட்டவில்லை. ஐந்தாறு பேராகப் பிரிந்து, எந்த நாள் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டேன். பலகையில் மூன்று கேள்வி மட்டும் எழுதினோம். அன்று காலையில் யார் என்ன செய்வார்கள்? என்ன சாப்பிடுவீர்கள்? யாரை நினைப்பீர்கள்?

தீபாவளியை ஒரே ஒரு குழுதான் எடுத்தது, அதுவும் சீக்கிரம் முடிந்துவிட்டது. பட்டாசு, புதுத்துணி, அதற்கு மேல் சொல்ல அவர்களுக்கே ஒன்றும் இல்லை. ஆடிப்பெருக்குக் குழு எழுந்தபோதுதான் வகுப்பு சூடு பிடித்தது. படித்துறையில் வாழை இலை போட்டு, காதோலை கருகமணி வைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வதைப் பெண்கள் சொன்னார்கள். பையன்கள் இடையில் புகுந்து, தாங்கள் சப்பரம் செய்து இழுத்துக்கொண்டு போவதைச் சொன்னார்கள். தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், காப்பரிசி என்று சாப்பாட்டுக்கே ஐந்து நிமிடம். "ஆற்றில் தண்ணீர் வராவிட்டால்?" என்று அவர் கேட்டார். ஒரு பெண் சட்டென்று, "வீ டூ இட் அட் தி பம்ப், மிஸ்" என்றாள். கடைமடையில் அதுதானே நடக்கிறது. வறண்ட வருஷத்தில் அடிபம்பைக் கழுவி, மஞ்சள் பூசி, பூச்சுற்றி அங்கேயே படைக்கிறோம். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் தங்கள் நாட்டு வாங்கனுயி ஆற்றைப் பற்றிச் சொன்னார். 2017இல் சட்டம் போட்டு அந்த ஆற்றுக்கு ஒரு மனிதருக்கு உள்ள சட்ட உரிமைகளைக் கொடுத்திருக்கிறார்களாம். ஆற்றின் சார்பில் பேச இரண்டு பேர், அரசு ஒருவரையும் மாவோரி மக்கள் ஒருவரையும் நியமிப்பார்கள். ஆறுதான் நான், நான்தான் ஆறு என்பது அந்தக் கரை மக்களின் பழமொழி. ஒரு பையன் கை தூக்கி, எங்கள் ஆறும் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது, 2018இல் தீர்ப்பு வந்தது, தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்றான். எண்ணைத் தசமத்தோடு சொன்னான், அப்பா வாய்க்கால் சங்கத்தில் இருக்கிறாராம். ஆனால் அந்தத் தீர்ப்பில் ஆறு கேட்டதா, நாம் கேட்டோமா என்று இன்னொருத்தி தமிழில் கேட்டாள். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று மொத்த வகுப்பும் சேர்ந்து முயன்றது. என் வேலைக்காலத்தில் ஒரு வாக்கியத்துக்காக இத்தனை பிள்ளைகள் ஒன்றாக முட்டி மோதி நான் பார்த்ததில்லை.

வெண்மணியை ஒரு பையன் சொன்னான். தாத்தா வீடு அந்தப் பக்கம். எழுதி வைத்துப் படித்தான், சின்னச் சின்ன வாக்கியங்கள். அவர்கள் கூடுதல் நெல் கேட்டார்கள். 44 பேர் இறந்தார்கள். நாங்கள் ஒவ்வொரு டிசம்பர் 25உம் போகிறோம். என் தாத்தா அன்றைக்குக் காலையில் சாப்பிட மாட்டார். அவ்வளவுதான். வகுப்பில் சலசலப்பு எதுவும் இல்லை. ராஜி அக்கா பயந்தது நியாயமான பயம், அதனால் மறுநாளும் கவனித்தேன், அவனோடு உட்காருகிறவர்கள் அவனோடுதான் உட்கார்ந்தார்கள். சக ஆசிரியர் ஒருவருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. சமூக அறிவியல் வகுப்பில் முறையாக எடுக்கலாம் என்கிறார். எடுங்கள் சார், இந்த வருஷமே எடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

சுனாமி நாளை முதலில் சொன்ன பெண் இந்த முறை அதைத் தொடவில்லை. வைத்தீஸ்வரன்கோயில் கிருத்திகையை எடுத்துக்கொண்டாள். மாத்தாரிகியைப் பற்றி நான் சொல்லியிருந்தேன், தமிழச்சிக்கு நன்றி. முத்துக்குமாரசாமிக்குக் கிருத்திகை விரதம் இருக்கும் பாட்டியையும், நியூசிலாந்தில் விடியற்காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களையும் சேர்த்துப் பேசினாள். இரண்டு பேரும் ஒரே ஆறு பேரைத்தான் பார்க்கிறார்கள் என்றாள். மூன்றாவது கேள்விக்குத் தன் பெரியப்பா பெயரைச் சொன்னாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருந்தது.

திருவாரூர்_ராஜி:

டீச்சர், கண் கலங்கிவிட்டது. அந்தப் பையனின் தாத்தாவைப் பற்றிய வாக்கியம் ஒன்று போதும். அதை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன், நம் வீட்டுக்கு அரைமணி நேரத் தூரத்தில் இருக்கிறது வெண்மணி, ஏன் என்னிடம் சொல்லவே இல்லை என்று கேட்டாள். இந்த டிசம்பரில் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆழித்தேரை யாராவது சொன்னார்களா?

கடைமடை டீச்சர்:

சொன்னார்கள் அக்கா. தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பற்றி ஒருத்தன் நடித்தே காட்டினான், அவன் மாமா திருவாரூராம். ஆங்கிலத்தில் முட்டுக்கட்டைக்கு வார்த்தை தெரியாமல் செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக் காலுக்கு அடியில் வைத்து விளக்கினான்.

முத்துப்பேட்டை_ஆசிரியர்:

டீச்சர், எங்கள் பள்ளியில் வெளிநாட்டு ஆசிரியர் யாரும் இல்லை, வரவும் வாய்ப்பில்லை. வகுப்பில் அறுபது பேர். இதையே நான் செய்ய முடியுமா? எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஜாம்புவானோடை தர்கா கந்தூரிதான் பெரிய நாள், எல்லா வீட்டுக்காரர்களும் போவார்கள். ரமலான் நோன்புக் கஞ்சியும் அப்படித்தான், சாயங்காலம் தூக்குவாளியோடு எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். கேட்க ஆள் இல்லாமல் பேச வைப்பது எப்படி? திருத்துவது எப்படி?

கடைமடை டீச்சர்:

தாராளமாகச் செய்யலாம் சார். வெளிநாட்டவர் வந்ததால் பிள்ளைகள் பேசினார்கள் என்று நான் நினைக்கவில்லை. தெரியாத ஒருவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார், அதனால் பேசினார்கள். உங்கள் வகுப்பிலேயே கந்தூரிக்குப் போகாத பிள்ளையும், தேரைப் பார்க்காத பிள்ளையும், கடலில் கால் வைக்காத பிள்ளையும் இருக்கும். ஒரு குழு சொல்லட்டும், அந்த நாளைத் தெரியாத குழு கேள்வி கேட்கட்டும். அறுபது பேர் என்றால் பத்துக் குழு, ஒரு பாடவேளைக்கு மூன்று குழுவுக்கு மேல் வேண்டாம், இல்லாவிட்டால் அவசரமாகிவிடும்.

பேசும்போது நடுவில் திருத்தாதீர்கள். நியூசிலாந்து டீச்சர் அப்படித்தான் செய்தார். காதில் விழுந்த தவறுகளைத் தன் தாளில் குறித்துக்கொண்டு, எல்லாரும் முடித்த பிறகு பெயர் சொல்லாமல் மூன்றை மட்டும் பலகையில் எழுதினார். அதில் இரண்டு காலம் சம்பந்தப்பட்டவை, வருஷா வருஷம் போவதை இறந்தகாலத்தில் சொன்னது மாதிரி. பிள்ளைகளே திருத்திவிட்டார்கள். மூன்று கேள்விகளையும் தமிழிலும் எழுதிப் போடுங்கள், முதல் முறை தமிழில் பேசிப் பார்த்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போனால் கூச்சம் குறையும். சாப்பாட்டுக் கேள்வியை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பேசாத பிள்ளையே கிடையாது.

நோன்புக் கஞ்சிக் குழு என்ன சொன்னது என்று இங்கே வந்து எழுதுங்கள் சார். அவரிடம் படித்துக் காட்டுகிறேன், கேட்டுக்கொண்டே இருக்கிறார்.